மஞ்சள் பூச்சுக்கு அடியில்

சொல்ல மாட்டேன். நாலே நாலு எண். நாக்கு நுனியில்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்ல மாட்டேன். பதினோரு வருஷமாக யாரும் வந்து கேட்காதவனை, இன்றைக்குக் காலையில் படகில் வந்து இறங்கிக் கேட்டால் உடனே தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமா?

மனதுக்குள் இதைச் சொல்லிக்கொண்டே ஈரத் துணியால் கல்லறையின் முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இரண்டு தடவை துடைத்தாயிற்று.

"நாலு, ஒண்ணு, ரெண்டு, ஏழு," என்று மறுபடியும் வாசித்தாள் லிசெத். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள், தலைநகரத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் வெயிலுக்கு அதற்குள் மூக்கு சிவந்து உரிய ஆரம்பித்திருந்தது. "ஆண். ஆத்துல இருந்து எடுத்தது, அக்டோபர் மாசம். அப்ப பதிஞ்ச கைரேகை இப்பத்தான் ஒருத்தரோட ஒத்துப்போயிருக்கு. இந்தச் சுவர்லதான் எங்கயோ இருக்கணும். யாருக்காவது ஞாபகம் இருக்கா அம்மா?"

திங்கட்கிழமை ஆன்மாக்களின் நாள் என்பதால் சுவரோரமாக நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தோம், ஆளுக்கொரு டம்ளரும் மெழுகுவத்தியுமாக. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிறது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஊரைவிட்டுப் போனபோது, அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர் முழுக்க ஆறு கொண்டுவந்தவர்களுடையது. புறாக்கூடு மாதிரி அடுக்கடுக்காகப் பொந்துகள். ஒரு உடல் கரை ஒதுங்கினால் வெட்டியான் எரிபெர்த்தோ அதை ஒரு பொந்தில் வைத்து, செங்கல் அடுக்கிப் பூசி, ஈரம் காய்வதற்குள் தார் தொட்டு ஒரு எண்ணை எழுதுவான். பெயர் தெரியாது என்பதற்கு இரண்டு எழுத்து, அதற்குக் கீழே எண். அப்புறம் எங்களில் ஒருத்தி தூரிகையோடு வந்து அதன்மேல் 'எடுத்தாச்சு' என்று எழுதிவிடுவாள். அன்றிலிருந்து அது அவள் பொறுப்பு. வர்ணம் அடிப்பாள், பூ வைப்பாள், பெயரும் வைப்பாள். திங்கள்தோறும் மூன்று தடவை தட்டிவிட்டுப் பேசுவாள். தட்டாமல் பேசக் கூடாது, தூங்கிக்கொண்டிருக்கலாம். பதிலுக்கு அந்த ஆன்மா அவளுக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கும்.

வர்ணம் அடிக்க அடிக்க எண்கள் மறைந்துபோயின. வெள்ளம் வந்த வருஷம் எரிபெர்த்தோவின் பதிவேடும் நனைந்து, மை கரைந்து, பக்கமெல்லாம் நீலத் தண்ணீராகிவிட்டது. இப்போது எந்த எண் எங்கே என்று சுவரையோ பதிவேட்டையோ பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எண் இருந்தால் அது அரசாங்கத்துப் பிணம். பெயர் இருந்தால் நம் வீட்டு ஆள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

என்னுடையது மஞ்சள். மேல் விளிம்பில் நீலத்தில் 'வில்மார்' என்று எழுதியிருக்கிறேன்.

வில்மார் என் மகன். பத்தொன்பது வயதில், படகு மோட்டாருக்கு ஒரு உதிரிப்பாகம் வாங்கிவருகிறேன் என்று பைக்கில் போனான். போனவன் போனவன்தான். நான்கு மாதம் கழித்து இவன் ஆற்றில் வந்தான்.

இவன் வில்மார் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். என் மகன் எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்ததே கிடையாது. மணலில் கிடத்தியிருந்த இவனோ நின்றால் என் தோளுக்கு வந்திருப்பான். அந்தக் காலத்தில் ஆற்றில் போகிற எதையும் யாரும் தொடக் கூடாது, அது போகிற வழியில் போகட்டும் என்று உத்தரவு. தூண்டிலில் மாட்டிக்கொண்டது என்று சொல்லித்தான் மீனவன் இழுத்துப் போட்டிருந்தான். நான் மீன் விற்றுக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து போய் என் மேல்துண்டை எடுத்து அவன்மேல் போர்த்தினேன். படகுத்துறையில் உட்கார்ந்திருந்த ஒருத்தன், கையில் துப்பாக்கி, கேட்டான்:

"உன் சொந்தமா?"

"ஆமா," என்றேன். "என் சொந்தம்."

குரல் நடுங்கவில்லை. வில்மார் போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. வீட்டுக்கு வந்து ஒரு மீனை வறுத்து, முழுசாக, நின்றுகொண்டே தின்றேன்.

ஃபாதர் வந்து ஒன்பது நாள் ஜெபம் வைக்கச் சொன்னார், கறுப்பு உடுத்தச் சொன்னார். "உடுத்த மாட்டேன் ஃபாதர். நான் கறுப்பு கட்டினா, துப்பாக்கிக்காரங்க கணக்கு முடிஞ்சிடுச்சுன்னு ஆயிடும்," என்றேன். மயானத்துக்குக்கூட பூப் போட்ட பாவாடைதான் கட்டிக்கொண்டு போனேன். ஊர் பேசியது. பேசட்டும். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்குப் பேசுவதற்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டது. திங்கள்தோறும் கடுங்காப்பி கொண்டுபோவேன். எல்லோரும் தண்ணீர்தான் வைப்பார்கள். ஆற்றில் வந்தவனுக்கு இன்னும் எதற்குத் தண்ணீர் என்று எனக்குத் தோன்றியது. கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்வேன். தலைமுடி வெட்டிக்கொள்ளாததற்குத் திட்டுவேன். இறந்தவர்களுக்கு முடி வளருமா என்று தெரியாது. திட்டுவது எனக்குத் தேவைப்பட்டது.

எண் எனக்கு மறக்காததற்குக் காரணம் லாட்டரி. இவனை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நாலு ஒன்று இரண்டு ஏழு. ஒரு தடவைகூட விழுந்ததில்லை. "உன் பையனுக்குக் கணக்கு வராதுன்னு நீயேதான சொல்லுவ, அவன்கிட்ட போய் நம்பர் கேட்டா?" என்று எரிபெர்த்தோ கிண்டல் செய்வான்.

அதாவது எரிபெர்த்தோவுக்கும் தெரியும்.

இப்போது அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பார்க்காததிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஒரே ஒரு கல்லறையைத் திறக்கத்தான் நீதிபதி கையெழுத்து போட்டிருக்கார்," என்றாள் லிசெத். குரலில் களைப்பு. "தப்பா ஒண்ணைத் திறந்தா அதோட முடிஞ்சுது. ரெண்டு மணிக்குப் படகு. இன்னிக்கு விட்டா அடுத்த உத்தரவு எந்த வருஷமோ."

ரெண்டு மணி வரைக்கும்தான். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

லிசெத்தோடு வந்திருந்த பெண் மாமரத்தடித் திட்டில் உட்கார்ந்திருந்தாள். மலைக்காரி. வைக்கோல் தொப்பி, மழைக்காலத்துக்கான தடித்த சால்வை, எங்கள் ஊர் வெக்கையில் வேர்த்து வழிந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அவளிடம் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் காப்பி ஃபிளாஸ்க் அந்தத் திட்டில்தான் இருந்தது. எடுக்கப் போனவள், ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கும்போது ஊற்றிக் கொடுக்காமல் எப்படித் திரும்புவது?

"குடி. மலையில இருந்தா வர்ற?"

"ஆமா. ரெண்டு பஸ்ஸு, ஒரு படகு." வாங்கி ஒரு வாய் குடித்தாள். "உங்க ஊர்ல காப்பிய இப்படியா கொல்லுவீங்க?"

"பிடிக்கலைன்னா குடு."

"குடுக்க மாட்டேன். சூடா இருக்கு." பெயர் கார்மென்சா என்றாள். பையைத் தடவினாள். "எம்புள்ள எதில்சனுக்கு. சட்டை, பேண்ட், காலுறை. எலும்பை வெறுமனே பெட்டியில போடக் கூடாதுன்னு நினைச்சேன். ஒரு சைஸ் பெருசாவே வாங்கியிருக்கேன். அப்ப இருபத்திரண்டு வயசுதான். இப்ப கொஞ்சம் சதை போட்டிருப்பான்ல..." நிறுத்திக்கொண்டாள். "பைத்தியம்னு நினைக்கிறியா?"

"இல்ல," என்றேன். வில்மாரின் காலணிகளை மாதாமாதம் வெயிலில் காயவைக்கிறவள் நான். யாரைப் பைத்தியம் என்பது?

அவள் பார்வை சுவரில் ஓடி, மஞ்சளில் நின்றது. "அது அழகா இருக்கு. யாரோடது?"

"என் மகன். வில்மார்."

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் படுக்கை.

"குடுத்து வச்சவ நீ," என்றாள் கார்மென்சா.

நான் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மூடிய பிறகும் திருகினேன்.

"கேட்டா செஞ்சு குடுப்பானா உன் பையன்?"

"ம். செய்வான்." பெருமையை அடக்க முடியவில்லை. "பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கினது அவனாலதான். ரோசால்பா புருஷன் குடியை விட்டான். லாட்டரி மட்டும் வராது."

"நான் ஒண்ணு கேட்டுக்கட்டுமா? உன்கிட்ட சொல்லாம தட்டக் கூடாதில்ல."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூன்று தடவை தட்டினாள், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு மஞ்சள் பூச்சோடு வாயை ஒட்டிவைத்துப் பேசினாள். ரகசியம் என்று நினைத்துத்தான் பேசினாள், மலைக்காரிகளுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"தம்பி வில்மார், நான் எதில்சனோட அம்மா. அவன் இங்கதான் உன் பக்கத்துல எங்கயோ படுத்திருக்கான். கூச்சக்காரன், தானா வாயைத் தொறக்க மாட்டான். நீதான் கொஞ்சம் எழுப்பிச் சொல்லணும். அம்மா வந்திருக்காளாம், ரெண்டு மணிக்குப் படகாம், கையைக் காட்டச் சொன்னாளாம்னு சொல்லு தம்பி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

சொல்லிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். உண்மையிலேயே காதை வைத்துக் கேட்டாள்.

எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் ஒரு சுற்று சுற்றியது. அவள்மேல் வந்தது, ஏன் வந்தாய் என்று. ஆற்றின்மேல் வந்தது. அப்புறம் படகுத்துறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன்மேல் போய் நின்றது. அவனுக்கு என்ன வேண்டியிருந்தது? இவன் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. எந்தத் தாயும் தேடி வந்து, இதோ இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது. அதற்குத்தானே ஆற்றில் போட்டான்.

அந்த வேலையை இன்றைக்கு நான் செய்துகொண்டிருக்கிறேன். ரெண்டு மணி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு, அவனுக்குச் சம்பளமில்லாத ஆளாக. ஈரத் துணி வேறு என் கையில்.

"நாலு ஒண்ணு ரெண்டு ஏழு," என்றேன்.

லிசெத் திரும்பினாள். "என்னம்மா?"

"நீ தேடறது இதுதான். மஞ்சள்." கார்மென்சாவைப் பார்க்காமல் சொன்னேன். "அதுக்குள்ள இருக்கிறது என் மகன் இல்ல. நான் வச்ச பேரு அது. எடுத்துக்க."

எரிபெர்த்தோ உளியைக் கொண்டுவந்தான். முதலில் வர்ணத்தைச் சுரண்டினான். மஞ்சளுக்குக் கீழே இன்னொரு மஞ்சள், அதற்குக் கீழே ஒரு வருஷம் மஞ்சள் கிடைக்காமல் அடித்த பச்சை, அதற்குக் கீழே பழைய மஞ்சள். பதினோரு வருஷமும் பொடிப்பொடியாக என் செருப்பின்மேல் விழுந்தது. கடைசியில் கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. ஏழு. பிறகு மற்றவையும்.

"தெரிஞ்சுதானே நின்ன? ஏன் சொல்லல?" என்றேன் அவனிடம், மெல்ல.

"உன் பையனை நான் காட்டிக் குடுக்கறதா?" என்றான். "நல்லா கேட்ட போ."

செங்கல்லை எடுத்தபோது பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். லிசெத் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற பொறுமையோடு எடுத்தாள். குதிரைத் தலை போட்ட ஒரு இடுப்புவார்க் கொக்கி வந்தது. கார்மென்சா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. ரொம்ப நேரம் கட்டைவிரலால் துருவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

"எம்புள்ளைய வேற பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்க."

"ஆமா."

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"நான் வந்து உக்காந்து காப்பி குடிச்சப்பவும் சொல்லல. அவன்கிட்டயே போய் அவனைக் கேக்க வச்சு வேடிக்கை பாத்த."

"பாத்தேன்," என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அந்தப் பதினோரு வருஷமும் தப்பு என்று ஆகிவிடும். அது தப்பு இல்லை. இன்றைக்குக் காலை மட்டும்தான் தப்பு.

அவள் காலி பொந்தைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் நான் வைத்திருந்த காப்பி டம்ளரைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட என்னதான் பேசுவ?"

"எல்லாந்தான். மீன் விலை. மழை. யாரு ஜெயிச்சாங்க, எத்தனை கோல்."

"கோலா?" என்றாள். "எதில்சனுக்குப் பந்தாட்டமே பிடிக்காது. ரேடியோல ஓடினா எழுந்து போயிடுவான்."

"பதினோரு வருஷமா ஒரு மேட்ச் விடாம சொல்லியிருக்கேனே."

"பாவம் எம்புள்ள," என்றாள் கார்மென்சா. அவள் வாய் கோணியது. அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, தும்மல் மாதிரி, அடக்க முடியாமல். எனக்கும் வந்தது. எலும்புப் பெட்டிக்கு முன்னால் இரண்டு கிழவிகள் நின்று சிரிப்பதைப் பார்த்து லிசெத் என்ன செய்வது என்று தெரியாமல் தன் காகிதங்களை அடுக்கினாள். சிரித்து முடிந்தபோது என் கையைக் கார்மென்சா பிடித்திருந்தாள், கொக்கியும் சேர்ந்து உள்ளங்கையில் அழுத்தியது. மன்னித்துவிட்டாளா என்று இன்றுவரை தெரியாது. கையை விட்ட பிறகு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சட்டையை மடிக்க ஒரு கை குடு."

பெட்டியில் எலும்புகளின்மேல் சட்டையை விரித்தோம். ஒரு சைஸ் பெரிசுதான்.

சுவரோரம் ஏதோ உரசும் சத்தம். ரோசால்பா தன் பச்சைக் கல்லறையை ஒரு நாணயத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "போன மாசந்தான் அடிச்சேன், நூபியா. ரெண்டு கோட்டு. உன்னால எனக்கு இந்த வேலை," என்று என்னைத் திட்டிக்கொண்டே சுரண்டினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி கொண்டை ஊசியை உருவினாள்.

லிசெத் என்னிடம் வந்தாள். கையில் பஞ்சு சுற்றிய ஒரு குச்சி. "உங்க பையனோட எலும்பு கிடைச்சா ஒத்துப் பாக்க உங்க எச்சில் எங்ககிட்ட இல்லம்மா. மூணு தடவை ஆள் அனுப்பியிருக்கோம், தரலைன்னு எழுதியிருக்கு."

"என் மகன் இங்க இருக்கான்னு சொல்லி அனுப்பினேன்."

"இப்ப?"

வாயைத் திறந்தேன். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சு உரசியது, உப்பும் துணியுமாக ஒரு ருசி. ஆற்றின் கீழ்ப்பக்கம் எத்தனை ஊர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அங்கே ஏதாவது ஒரு சுவரில், என் உயரமான பையனை ஏதாவது ஒருத்தி வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். காப்பி வைக்கிறாளா, வெறும் தண்ணீர்தானா? அவளிடம் போய் நானும் சண்டை போட வேண்டும். அந்த நினைப்பில் என் முதுகு நிமிர்ந்தது எனக்கே தெரிந்தது.

படகுக்கு நேரமாகிவிட்டது. எரிபெர்த்தோ சுண்ணாம்பு வாளியும் தூரிகையுமாக வந்து, காலிப் பொந்துக்கு மேலே விளிம்பில் இருந்த நீல எழுத்துக்களைப் பார்த்து நின்றான். அவற்றில் உளி பட்டிருக்கவில்லை.

"பேரு மட்டும் இருந்தா நாளைக்கு வர்றவங்க குழம்பிடுவாங்கம்மா," என்றாள் லிசெத். கடுமையாகச் சொல்லவில்லை. "உள்ள யாரும் இல்லையே. இந்தச் சுவர்ல இனிமே எண் மட்டுந்தான் இருக்கணும்னு உத்தரவு. அழிச்சிடச் சொல்லட்டுமா?"

நான் எரிபெர்த்தோவின் கையிலிருந்து தூரிகையை வாங்கினேன். சுண்ணாம்பு சொட்டாமல் வாளி விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்தேன். பிறகு அதை வாளியின் குறுக்கே வைத்தேன்.

"வேண்டாம் மகளே," என்றேன். "அது இருக்கட்டும். அவன் இன்னும் வரல."